நெல்லில் அட்ட கள்: பெரும்பாணாற்றுப்படையின் ஒரு செய்முறை

குளத்தூர், பாறசாலை வட்டாரத்தில் கள் என்னும் சொல் பனையையும் தென்னையையுமே குறிக்கிறது. எல்லைக்கு இப்பால் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. களியக்காவிளையை அடைந்தால் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இருபுறத்து விவாதமும் மரத்தைச் சுற்றியே நிகழ்வதால், தானியத்தில் வடிக்கும் மது ஐரோப்பியர் கொணர்ந்தது என்ற எண்ணம் ஆய்வு மாணவரிடையேகூட நிலைத்துவிட்டது. சங்க நூல் அதற்கு இடந்தரவில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பின் விருந்தைக் கூறுமிடத்து முழுச் செய்முறையையே தந்துவிடுகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். நல்லடை என்ற ஒன்றைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். இவற்றுள் ஆற்றுதல் என்னும் வினை கருதத்தக்கது. கொதிக்கும் களியில் முளைத்தானியத்தைச் சேர்த்தால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி அழிந்துபோகும். நொதி என்னும் கருத்து அன்று இல்லை, பக்குவம் இருந்தது.

சிக்கல் நல்லடையில்தான். நச்சினார்க்கினியர் அதனை நெல்முளை எனக் கொள்கிறார். அவ்வாறாயின் இது பார்லியை முளைக்கவைத்து ஏல் வடிக்கும் முறைக்கு நேர் உறவு. ஆனால் புலவர் காட்டும் உவமை புற்றாஞ்சோறு. துளையும் மென்மையும் உடைய, கறையான் வளர்க்கும் பூஞ்சைத் திரள். அது, ஜார்க்கண்டில் ஹண்டியாவுக்கு இடும் ராணு போன்ற பூஞ்சை படர்ந்த மாவடையையே நினைவூட்டுகிறது. அர்த்தசாஸ்திரம் கூறும் மேதகமும் அரிசியோடு கிண்வம் சேர்ப்பது. உழுந்தும் அரிசியும் கொண்டு ஆக்கிய புளிப்பூட்டியே கிண்வம். என் சாய்வு இப்பக்கம். முளையை இடித்தே அடை செய்திருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ இங்கு இல்லாமை குறையன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் ஹாட்ஜ்சன் வடிசாலையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய வெளிர் ஏல் மாதக்கணக்கில் கெடாதிருக்க வேண்டியிருந்தது. ஆகவே அதில் ஹாப்ஸ் மிகுதி. இரண்டு நாளில் விளைந்து சுட்ட மீனோடு உடனே தீரும் பிழிக்கு அத்தகைய காப்பு எதற்கு?

அதே நூல் வேறோரிடத்தில் வீட்டில் அட்ட தோப்பியையும் கூறுகிறது. உரை அதனை நெல்லாற் செய்த கள் என்கிறது. சோற்றுக்கும் கள்ளுக்கும் அடுதல் என ஒரே வினைச்சொல் வழங்கியிருக்கிறது.