தலைவனை இழந்த வாள்

ஜப்பானிய மொழியில் ‘ரோனின்’ என்றொரு சொல் உண்டு. அதனை இரண்டு எழுத்துகளால் எழுதுவர். முதல் எழுத்து அலையைக் குறிப்பது. இரண்டாவது மனிதனைக் குறிப்பது. அலைபோல் நிலையின்றித் திரிபவன் என்பது பொருள். தலைவனை இழந்த சாமுராய் வீரனுக்கு இப் பெயர் வழங்கிற்று. இன்றைய ஜப்பானிலோ, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறி, மறு தேர்வுக்காக ஓராண்டு காத்திருந்து படிக்கும் மாணவனையும் ரோனின் என்றே அழைக்கின்றனர். ஓரிடத்தை விட்டு நீங்கியவன், மற்றோரிடத்தில் இன்னும் சேராதவன், இடைவெளியில் நிற்பவன். மாணவர்களாகிய உங்களுக்கு இச் சொல்லின் வேதனை எளிதில் விளங்கும்.

இத்தகைய ரோனின் ஒருவனைக் கதைத் தலைவனாகக் கொண்டு அகிரா குரோசாவா 1961ஆம் ஆண்டில் எடுத்த திரைப்படம் ‘யோஜிம்போ’. மெய்க்காவலன் என்பது அதன் பொருள். குரோசாவாவின் பெயர் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே உலகிற்கு அறிமுகமாகியிருந்தது. 1951இல் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் அவருடைய ‘ராஷோமோன்’ தலைமைப் பரிசு பெற்றது. 1954இல் ‘ஏழு சாமுராய்கள்’ வெளிவந்தது. ‘யோஜிம்போ’வில் நடித்ததற்காகத் தொஷிரோ மிஃபூனே அதே வெனிஸ் விழாவில் சிறந்த நடிகருக்குரிய பரிசைப் பெற்றார்.

வரலாற்று மாணவன் ஒரு திரைப்படத்தில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. திரைப்படம் ஆவணம் அன்று. தனி ஒருவன் ஓர் ஊரின் கயவர் அனைவரையும் வெட்டி வீழ்த்தினான் என்று எந்தப் பழஞ்சுவடியும் சான்று கூறவில்லை. ஆயினும் ஒரு காலத்தின் நெருக்கடி சிற்சில பொருள்களில் ஒளிந்து கிடப்பதுண்டு. இப் படத்தில் அப்படி மூன்று பொருள்கள் இருக்கின்றன: ஒரு வாள், ஒரு துப்பாக்கி, ஒரு முசுக்கட்டைத் தோட்டம்.

முதலில் வாளைப் பார்ப்போம். 1600ஆம் ஆண்டில் செகிகஹாரா என்னும் இடத்தில் பெரும் போர் ஒன்று நிகழ்ந்தது. அதில் வென்ற தொகுகாவா இயெயாசு 1603இல் ஷோகன் பட்டம் பெற்று நாட்டை ஆளத் தொடங்கினார். தோற்ற பக்கத்துச் சிற்றரசர் பலர் நிலம் இழந்தனர். நிலம் இழந்த சிற்றரசனிடம் சம்பளம் பெற்ற வீரர்கள் வாழ்வு இழந்தனர். அவர்களின் சம்பளம் பணமன்று, நெல்லரிசி. ‘கொகு’ என்பது அதன் அளவை. ஏறத்தாழ 180 லிட்டர் கொண்டது. ஒரு மனிதனின் ஓராண்டு உணவு என்று கணக்கிடப்பட்டது. தலைவனின் களஞ்சியம் போயிற்றென்றால் வீரனின் அடுப்பும் அணைந்தது. இப்படி வேலையிழந்த பல்லாயிரம் ரோனின்கள் 1614இலும் 1615இலும் ஓசாகா கோட்டையில் திரண்டு தொகுகாவா ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு மடிந்தனர்.

அதன்பின்னும் ரோனின்கள் பெருகியே வந்தனர். காரணம் விந்தையானது. வாரிசு இல்லாத சிற்றரசன் சாகும் தறுவாயில் மகனைத் தத்து எடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆகவே ஒருவன் பிள்ளையின்றி இறந்தால் அவன் நாடே பறிபோகும். அவனிடம் இருந்த வீரர் அனைவரும் ஒரே நாளில் தெருவில் நிற்பர். 1651ஆம் ஆண்டில் ஷோகன் இயெமித்சு இறந்து, இளஞ்சிறுவன் ஒருவன் பட்டத்திற்கு வந்த வேளையில், யுயி ஷோசெத்சு என்ற போர்க்கலை ஆசான் ரோனின்களைச் சேர்த்து எடோ நகருக்குத் தீயிடச் சதி செய்தான். சதி முன்கூட்டியே வெளிப்பட்டது. அவன் தற்கொலை செய்துகொண்டான். சதிகாரரைத் தண்டித்ததோடு அரசு நிற்கவில்லை. அவ்வாண்டிலேயே தத்துச் சட்டத்தைத் தளர்த்திற்று. பசியின் வேர் எங்கே இருக்கிறது என்று ஆள்வோர் உணர்ந்த அரிய நேரங்களுள் அதுவும் ஒன்று என்பது என் கருத்து.

பின்னர் இருநூறு ஆண்டுகள் நாட்டில் பெரும்போர் இல்லை. சாமுராய்கள் குடும்பத்தோடு சேர்த்து எண்ணினால் மக்களில் நூற்றுக்கு ஆறேழு பேர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கணக்கெழுதும் அலுவலராகவே காலங்கழித்தனர். வறுமை முற்றியவர் குடை முடைந்து விற்றனர். சிலர் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தனர். ஆனால் இடுப்பில் செருகிய இரட்டை வாளை மட்டும் விடவில்லை. உறையை விட்டு வராத வாள் அது. திரைப்படங்கள் இவ்வுண்மையை நமக்கு அதிகமாகக் காட்டுவதில்லை. எழுதுகோல் பிடித்த சாமுராயைக் காணக் கொட்டகைக்கு யார் வருவார்?

குரோசாவாவின் கதை நிகழ்வது இந்நெடிய அமைதி முறியும் காலத்தில். ஏறக்குறைய 1860ஆம் ஆண்டளவில் என்பர். நாற்சந்தியில் ஒருவன் வந்து நிற்கிறான். எவ்வழியே போவது என்பதில் அவனுக்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஒரு குச்சியை மேலே எறிகிறான். அது விழுந்து காட்டிய திசையில் நடக்கிறான். வழியில் ஒரு குடியானவன் வீடு. மகன் சூதாடிகளோடு சேர ஓடுகிறான். கஞ்சி குடித்து நெடுநாள் வாழ அவனுக்கு விருப்பமில்லை. தந்தை கத்துகிறான்; தாய் தறியில் அமர்ந்திருக்கிறாள். ஊருக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு நாய் வருகிறது. அதன் வாயில் மனிதனின் வெட்டுண்ட கை! அவ்வூரின் நிலைமையை விளக்க வேறு சொல் தேவைப்படவில்லை.

ஊரில் சூதாட்டத் தலைவர் இருவர். செய்பெய் என்பவனும் உஷிதோரா என்பவனும். முன்னவனுக்குப் பட்டு வணிகன் துணை. பின்னவனுக்கு மது வடிக்கும் செல்வன் துணை. நடுவே பிழைப்பவன் சவப்பெட்டி செய்யும் தச்சன் ஒருவனே. வந்தவனிடம் பெயர் கேட்கிறார்கள். அவன் வெளியே பார்க்கிறான். முசுக்கட்டைத் தோட்டம் தெரிகிறது. உடனே ‘முசுக்கட்டைக் காடு, முப்பது வயதினன்’ என்று பொருள்படும் குவாபதாகே சஞ்சூரோ என்னும் பெயரைச் சொல்லி, வயது நாற்பதை நெருங்கிவிட்டது என்றும் சேர்த்துக்கொள்கிறான்.

சிரிப்பூட்டும் இந்த இடத்தில்தான் வரலாறு நிற்கிறது. முசுக்கட்டை இலை பட்டுப்புழுவின் உணவு. 1853இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி கப்பல்களோடு வந்து கதவைத் தட்டினார். 1859இல் யோகோஹாமா துறைமுகம் அயல் வணிகத்திற்குத் திறந்தது. அக்காலத்தில் பிரான்சிலும் இத்தாலியிலும் பட்டுப்புழுக்களை நோய் தாக்கியிருந்தது. ஆகவே ஐரோப்பிய வணிகர் ஜப்பானியப் பட்டு நூலை வாரி வாங்கினர். விலை ஏறிற்று. பட்டு விளைந்த கண்டோ நாட்டுப்புறத்தில் பணம் புரண்டது. பணம் புரண்ட இடத்தில் சூதாடிகள் கூடினர். பட்டு முதலிய ஐந்து பண்டங்கள் எடோ நகர வணிகர் வழியாகவே துறைமுகம் செல்ல வேண்டும் என்று 1860இல் ஷோகன் அரசு ஆணையிட்டுப் பார்த்தது; பெரும்பயன் இல்லை. விலைவாசி உயர உயர, மாறாத அரிசிச் சம்பளம் வாங்கிய சாமுராய் மேலும் ஏழையானான். பட்டு வணிகன் கூலிக்கு ஆள் பிடிப்பதும், வாள்வீரன் தன்னை ஏலம் கூறுவதும் ஆகிய இவ்விரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

கண்டோ எட்டு நாடுகளையும் சுற்றிவந்து குற்றங்களை அடக்க 1805இல் ஓர் அலுவலர் குழுவை அரசு அமைத்திருந்தது. அத்தகைய அலுவலர் ஒருவரும் படத்தில் வருகிறார். அவர் வரும் செய்தி கேட்டவுடன் இரு கட்சியாரும் சண்டையை நிறுத்திக் கையூட்டுக் கொடுத்து உபசரிக்கின்றனர். அவர் போனதும் பழைய கதையே. ஒரு பேரரசின் சட்டம் கடைக்கோடி ஊரில் எவ்வளவு நீளும் என்பதை இக்காட்சி காட்டுகிறது.

சஞ்சூரோ ஐம்பது ரியோ பொன்னுக்குச் செய்பெய்யிடம் அமர்கிறான். சண்டை முடிந்தபின் அவனைக் கொன்று பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று செய்பெய்யின் மனைவி மறைவில் கூறுவது அவன் காதில் விழுகிறது. இதற்கிடையே, அங்கே முன்பே குறைந்த கூலிக்கு இருந்த ஹோன்மா என்னும் மற்றொரு வாள்வீரன் சுவரேறிக் குதித்து ஓடிவிடுகிறான். ஓடும்போது சஞ்சூரோவைப் பார்த்துச் சிரித்துக் கையசைக்கிறான். வரலாற்றில் ஹோன்மாக்களே மிகுதி. அவர்களைக் கோழையர் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. பொய்யான எசமானுக்காகச் சாக மறுத்தவன் அறிவிலி ஆவானா?

போர் தொடங்கும் நேரத்தில் சஞ்சூரோ வாங்கிய பொன்னைத் திருப்பி எறிந்துவிட்டு உயரமான கோபுரத்தில் ஏறி அமர்கிறான். கீழே இரு படையும் ஓரடி முன்னே வந்து ஈரடி பின்னே போகின்றன. அவன் சிரிக்கிறான். நாமும் சிரிக்கிறோம். ஆனால் அச்சிரிப்பு நிலைக்கவில்லை. சூதில் தோற்ற ஒருவனின் மனைவியை மது வணிகனிடம் அடைத்துவைத்திருக்கிறார்கள். சஞ்சூரோ காவலரை வெட்டி, அவளையும் கணவனையும் குழந்தையையும் விடுவித்து, தனக்குக் கிடைத்த பொன்னையும் கொடுத்து, காலில் விழும் அவர்களை வைது துரத்துகிறான். அவர்கள் எழுதிய நன்றிக் கடிதமே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. எதிரிகள் அவனைக் குற்றுயிராக அடிக்கிறார்கள். கயமைக்குக் கயமையாகப் பேசியவரை அவனுக்குத் துன்பமில்லை. இரக்கம் காட்டிய அன்றே துன்பம் வந்தது. சவப்பெட்டிக்குள் ஒளிந்துதான் ஊரை விட்டு வெளியேறுகிறான்.

துப்பாக்கி என்றேனே, அது உஷிதோராவின் தம்பி உனோசுகேயின் கையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த சுழல் துப்பாக்கி. ஊரில் அவன் ஒருவனுக்கே அது உண்டு. இதுவும் வெறும் கற்பனை அன்று. 1860 மார்ச்சில், எடோ கோட்டை வாயிலருகே, பனி பொழிந்த காலையில், பதினெட்டுப் பேர் ஆட்சித் தலைவர் இயி நவோசுகேயைக் கொன்றனர். தம் தலைவருக்குப் பழி வரக் கூடாதென்று பணியைத் துறந்து, தாமே விரும்பி ரோனின் ஆனவர்கள் அவர்கள். பல்லக்கை நோக்கி முதலில் ஒரு துப்பாக்கி வெடித்தது. வாள்கள் பின்னரே வந்தன.

படத்தின் முடிவில் சஞ்சூரோ வாளோடு ஒரு சிறு கத்தியையும் கொண்டு வருகிறான். காற்றில் பறக்கும் இலையைக் குத்திப் பழகிய கத்தி. அது உனோசுகேயின் கையில் பாய்ந்த பின்னரே வாளுக்கு வேலை வருகிறது. ஊரில் ஒரு சிலரே எஞ்சுகின்றனர். கஞ்சியை வெறுத்து ஓடிவந்த அந்த இளைஞனை மட்டும் வெட்டாமல், வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடி என்று விரட்டுகிறான். தோளை ஒருமுறை குலுக்கிவிட்டு நடந்து மறைகிறான்.

அவன் ஊரை அழித்தானேயன்றி ஆக்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையை நானும் மறுக்க மாட்டேன். ‘ஏழு சாமுராய்க’ளில் குடியானவருக்கு விளைச்சல் மிஞ்சுகிறது, இங்கே மிஞ்சுவது புழுதி. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே இக்கதையை அமெரிக்க மேற்குப் பாலைக்கு மாற்றி 1964இல் படமாக்கினார்; அனுமதி பெறாததால் வழக்கு எழுந்து ஈடு கொடுக்க நேர்ந்தது. அங்கே துப்பாக்கிக்கு எதிர் துப்பாக்கிதான். வாளின் துயரம் அப்படத்தில் இல்லை.

1868இல் தொகுகாவா ஆட்சி வீழ்ந்தது. 1871இல் சிற்றரசுகள் ஒழிந்தன. 1873இல் எல்லா வகுப்பினரையும் படைக்கு அழைக்கும் சட்டம் வந்தது. போர் புரிதல் சாமுராயின் தனியுரிமையாக இல்லாமற் போயிற்று. 1876இல் அரிசிச் சம்பளத்தைக் கடன்பத்திரமாக மாற்றினர்; அவ்வாண்டிலேயே பொதுவிடத்தில் வாள் அணிவதையும் தடுத்தனர். சஞ்சூரோ உயிரோடிருந்தால் அப்போது அவனுக்கு ஐம்பத்தைந்து வயதாகியிருக்கும். அந்த வாளை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் மீண்டும் நாற்சந்திக்கு வந்திருந்தால், எத்திசையில் குச்சி விழுந்தாலும், அவ்வழியில் நின்ற காவலன் அதனைப் பறித்துக்கொண்டிருப்பான்.