பொட்டு அறுந்தது, பாட்டு எங்கே போயிற்று?

கோட்டைக்குள் வெள்ளையர் வாழ்ந்தனர். கோட்டைக்கு வெளியே, வடபுறத்தில், நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் நெருங்கி வாழ்ந்த பகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் 'பிளாக் டவுன்' — கறுப்பர் நகரம்! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சென்னையின் அந்தப் பகுதி, மன்னர் பெயர் தாங்கி, ஜார்ஜ் டவுன் ஆயிற்று. தென்னாட்டு இசை தன் தலைசிறந்த நாட்களைக் கண்டது அந்தக் கறுப்பர் நகரத்துச் சந்துகளில்தான்.

கடல் கடந்து, அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இன்னொரு நகரம், நியூ ஆர்லியன்ஸ். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் காங்கோ சதுக்கம் என்னும் திடலில் கூடி முரசறைந்து ஆடினர். அடிமைத்தளை 1865இல் அறுந்தது. அறுந்த கயிற்றைச் சட்டம் வேறு விதமாக முடிச்சிட்டது. அந்நகரில் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறியமர்ந்த ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கில், 1896இல், 'தனித்தனியே இருக்கட்டும், சமமாக இருந்தால் போதும்' என்று தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். வருணாசிரமத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய உரையல்லவா அது! அந்தக் கொடுமைக்கிடையே, சவ ஊர்வலத்திலும் நடனக் கூடத்திலும் விலைமகளிர் வீதியிலும் கறுப்பர் வளர்த்த இசையே ஜாஸ். 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தபோது அதில் ஒலித்தது வெள்ளையர் குழு! உழுதவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்.

இனி நம் கறுப்பர் நகரத்துக்குத் திரும்புவோம்.

ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) தேவதாசி மரபில் வந்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் இல்லத்தில் வீணை ஒலிக்கும். மிருதங்கத்தின் துணை இல்லை. தாமே மீட்டித் தாமே பாடுவார். முதுமையில் கண்ணொளி குன்றியது. விரல்களின் ஒளி குன்றவில்லை. நகரின் பெரும் வித்துவான்கள், சாதியால் 'உயர்ந்தவர்' என்று தம்மைக் கருதிக்கொண்டவர்கள், அந்த வீட்டுத் திண்ணையேறிச் சென்று, பேச்சடங்கி, கைகட்டிக் கேட்டனர். கேட்டுவிட்டு வீதியில் இறங்கியதும் அந்தக் குலத்துக்கு அவர்கள் சூட்டிய பெயரை நாமறிவோம்.

குடும்பப் பெண் பாடினால் மானம் போகும் என்றிருந்த அக்காலத்தில், இசைத்தட்டுக் கம்பெனிகள் தென்னாட்டுக்கு வந்தன. யார் பாடினர்? கோவை தாயி, சேலம் கோதாவரி போன்ற இம்மரபுப் பெண்களே முன்வந்து பாடினர். நியூ ஆர்லியன்ஸ் கறுப்பருக்குக் கிட்டாத முதலிடம் இவர்களுக்குக் கிட்டிற்று. இயந்திரம் கோத்திரம் கேட்பதில்லை! கோவை தாயியின் குரல் பாரிசுக்கே சென்றது. மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசைப்படைப்பாளி அதைக் கேட்டு வியந்து தம் இசையில் அதன் சாயலை ஏற்றினார்.

மைசூர்ச் சீமையில் பிறந்து ஜார்ஜ் டவுனில் குடியேறிய பெங்களூர் நாகரத்தினம்மாளைப் (1878–1952) பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற தேவதாசி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' என்ற காவியத்தை 1910இல் அவர் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூக்குரல் எழுந்தது. அரசு தடை விதித்தது. அந்நூலைப் பழித்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? விதவை மறுமணத்துக்குப் போராடிய சீர்திருத்தச் செம்மல் வீரேசலிங்கம்! ஆண் கவிகள் எழுதினால் சிருங்காரம், பெண் எழுதினால் ஆபாசமா என்று நாகரத்தினம்மாள் வாதிட்டார். சீர்திருத்தம் பேசும் நாம் இந்த இடத்தைக் கண்மூடித் தாண்டிவிடக் கூடாது.

அதே அம்மையார்தான் திருவையாற்றில் தியாகராசருக்குத் தம் பொருளைச் செலவிட்டு நினைவாலயம் எழுப்பினார். ஆனால் ஆராதனை விழாவில் பாட, பெண் என்பதால் அவருக்கே இடமில்லை! தாம் கட்டிய மண்டபத்தில் தாம் பாட முடியாத நிலை. அவர் அழவில்லை, பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் பிரிந்து நின்ற குழுக்கள் ஒன்றாயின. பக்தியில் நமக்கு உடன்பாடில்லை. அந்தத் துணிவில் உண்டு.

பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதே. சிறுமியைக் கல்லுக்கு மணமுடித்து, கனவான்களுக்குக் காணிக்கையாக்கிய வழக்கத்தைக் கலையின் பெயரால் காப்பாற்ற எவனும் முன்வர வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தச் சிறையிலிருந்தே வெளிவந்து, ஊர் ஊராய்ச் சென்று சாடினார். 1936இல் நாவலே எழுதினார். 1947இல், எங்கள் செஞ்சிக்கு அண்மையிலுள்ள திண்டிவனம் வட்டாரத்து ஓமந்தூரார் முதலமைச்சராக இருந்தபோது, சட்டம் நிறைவேறியது. நாகரத்தினம்மாள் போன்றோர் அதை எதிர்த்ததும் வரலாறே. அவர்கள் அஞ்சியது வேறொன்றுக்கு: இழிவோடு சேர்த்துத் தம் வாழ்வும் பறிபோகுமோ என்று.

அச்சம் பொய்யாகவில்லை. 1928இல் சென்னையில் மியூசிக் அகாடமி தோன்றியது. 1930களில் சதிர், பரதநாட்டியம் என்ற புதுப்பெயர் பூண்டது. 1935இல் ருக்மிணிதேவி அருண்டேல் அடையாற்றில் மேடையேறினார். அவருக்கு ஆட்டம் கற்பித்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பொட்டு அறுந்தது சரி; ஆனால் பாட்டும் பதமும் கைமாறியது எப்படி? கலை தூய்மை பெற்றதாம்! கலைக்கா அழுக்கு இருந்தது? கழற்றி எறிய வேண்டியது பொட்டை. அதைவிட்டு, கலைக்கு உரியவளையே கழற்றிவிட்டனர். அகாடமியின் 'சங்கீத கலாநிதி' பட்டம் ஒரு பெண்ணைத் தேடி வந்தது 1968இல். அவர் மதுரை சண்முகவடிவின் மகள் எம்.எஸ்.சுப்புலட்சுமி. தனம்மாளின் பேத்தி பாலசரசுவதி 1973இல் பெற்றார்.

நியூ ஆர்லியன்ஸ் தன் மைந்தனை நடத்திய விதமும் இதுவே. லூயி ஆம்ஸ்ட்ராங் 1901இல் அங்கே வறுமையில் பிறந்தவர். எக்காளம் ஊதி உலகையே வென்றவர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாதென 1956இல் அந்த மாநிலம் சட்டமியற்றியது. அவர் குழுவிலோ இருவரும் இருந்தனர். பிறந்த ஊரில் வாசிப்பதையே நிறுத்தினார். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்த பின்னரே, 1965இல், மீண்டும் அங்கே எக்காளத்தை எடுத்தார்.

இரு நகரங்களின் பிள்ளைகளும் பின்னாளில் ஓரிடத்தில் கூடினர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ளது வெஸ்லியன் பல்கலைக்கழகம். தனம்மாளின் பேரர்களான புல்லாங்குழல் விசுவநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும் அங்கே ஆசிரியராயினர்; பாலசரசுவதியும் அங்கே கற்பித்தார். 1970களில் அங்கே முரசு கற்பிக்க வந்து சேர்ந்தவர் எட் பிளாக்வெல் — நியூ ஆர்லியன்சில் பிறந்த கறுப்பர்.