விழிஞ்ஞத்தில் பதிந்த குரலின் பூர்வீகம்

2021-இல் விழிஞ்ஞம் கடலுக்குள் மார்ச் மாதம் ஹைட்ரோபோன் என்ற நீரடி ஒலிவாங்கி ஒன்றை இறக்கினார்கள். ஜூனில் அதை எடுத்துக் கேட்டபோது நீலத் திமிங்கிலத்தின் குரல் பதிந்திருந்தது. சொன்னவர்கள் கேரளப் பல்கலைக்கழக நீர்வாழ் உயிரியல் துறையினரும் கடற்பாலூட்டி ஆய்வாளர் திபானி சுதாரியாவும். குரலை மட்டும் வைத்து ஆளைச் சொல்வதென்றால், ஒத்துப்பார்க்கப் பழைய பதிவு எங்கோ இருந்தாக வேண்டும். அதைத்தான் தேடினேன்.

பழையது எதைத் தேடினாலும் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்குவது என் வழக்கம். விழிஞ்ஞம் பேருந்து புறப்படும் அதே கோட்டைப் பகுதியில்தான் மத்திய ஆவணக் காப்பகம். சுருணை சுருணையாக ஓலைகள்: நிலவரி, மதிலகத்துக் கோயில் கணக்கு. கடலின் ஒலியைக் குறித்துவைக்க எந்த மன்னரும் கணக்கப்பிள்ளை வைத்ததில்லை. எதிர்பார்த்ததுதான்.

துப்பு லட்சத்தீவிலிருந்து கிடைத்தது. கவரத்தி அருகே 2018 இறுதியிலிருந்து 2020 தொடக்கம்வரை கடலடியில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்திருந்தவர் திவ்யா பணிக்கர். கேத்லீன் ஸ்டாஃபோர்டுடன் அவர் 2021-இல் எழுதிய கட்டுரையில் நீலத் திமிங்கிலப் பாட்டின் அங்க அடையாளம் இருக்கிறது: மூன்று நான்கு சுரங்கள், 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை. நம் காதுக்குக் கீழ்வரம்பே 20 ஹெர்ட்ஸ்தான். ஆகவே ஆய்வாளர்கள் காதைவிடக் கண்ணையே நம்புகிறார்கள். ஒலியைப் படமாக்கி, கைரேகை பார்ப்பதுபோல் வரிகளைப் பார்க்கிறார்கள்.

அந்தக் கைரேகையின் மூலப்படி திருகோணமலையில் இருந்தது! 1984-இல் அங்கே பதிவு செய்தவர்களில் ஒருவர் அபிகெய்ல் ஆலிங். அந்த ஊர்க் கடலில் கிடைத்ததால் அது 'இலங்கைப் பாட்டு' என்றே பட்டியலில் ஏறியது. அதே ஆலிங்கின் பெயர் 2021-இல் வெளியான இன்னொரு கட்டுரையிலும் இருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க தியேகோ கார்சியா தீவின் அருகே வைத்த ஹைட்ரோபோன்களின் பதிவுகளைத் துழாவி, அதுவரை அறியாத ஒரு திமிங்கிலக் கூட்டத்தைக் கண்டுபிடித்த கட்டுரை அது. குண்டுக்காக விரித்த வலையில் பாட்டு சிக்கியிருக்கிறது.

விழிஞ்ஞத்துக் குரலும் இலங்கைப் பாட்டு வம்சம்தான் என்பது என் ஊகம். ஒரு பக்கம் திருகோணமலை, மறுபக்கம் கவரத்தி. இரண்டிலும் ஒரே பாட்டு என்றால் இடையிலுள்ள கடல் விலக்காக இருக்கக் காரணமில்லை. கவரத்தியில் பாட்டு மிகுந்தது ஏப்ரல், மே மாதங்களில். விழிஞ்ஞத்துக் கருவி நீரில் கிடந்ததும் அந்த மாதங்களில்தான்.

குரலின் பூர்வீகத்தைவிட அதன் தேதிதான் இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2024 ஜூலையில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 'சான் பெர்னாண்டோ' என்ற முதல் பெரிய கொள்கலன் கப்பல் வந்தது. பெருங்கப்பல்களின் இரைச்சலில் பெரும்பங்கு விழுவதும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். திமிங்கிலம் பாடும் அதே இடம். ஆக, 2021-இன் பதிவு அந்தத் துறைமுகத்துக்குக் கொள்கலன் கப்பல்கள் வருவதற்கு முந்தைய கடலின் சாட்சி. அதற்கும் ஒரு சுருணை எண் கொடுத்துக் கோட்டைக்குள் வைக்க வேண்டும். அடுத்து நான் தேடுவது, கப்பல்கள் வரத் தொடங்கிய பின் அதே இடத்தில் எடுத்த ஒரு மார்ச்–ஜூன் பதிவு.