டெர்பிஷையர்: 20 ஆண்டுகள் கேட்ட கேள்வி

எண்ணெய் இறக்கிவிட்டுத் திரும்பும் டேங்கர் காலியாகத்தான் வரும். தாதுக் கப்பலுக்கும் அதே கதி. காலியாக ஓடினாலும் எரிபொருளுக்கும் சம்பளத்துக்கும் பணம் கொடுத்தாக வேண்டும்; வாடகைதான் வராது. அந்த நஷ்டத்தைக் குறைக்க 1960களில் பிறந்தவை ஓ.பி.ஓ. கப்பல்கள். ஒரு பயணத்தில் இரும்புத் தாது அல்லது நிலக்கரி, அடுத்ததில் கச்சா எண்ணெய், எல்லாம் அதே சரக்கறைகளில்.

இங்கிலாந்தின் டீஸ் நதிக்கரையில் 1976-ல் கட்டி முடிக்கப்பட்ட 'டெர்பிஷையர்' அத்தகைய கப்பல். நீளம் ஏறத்தாழ 294 மீட்டர். கனடாவின் செத்தீலில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு ஜப்பானின் கவாசாகிக்குப் புறப்பட்டது. 1980 செப்டம்பரில், ஒகினாவாவை நெருங்கும் கடலில் 'ஆர்க்கிட்' சூறாவளியில் சிக்கியது. ஓர் அபாய அழைப்புகூட வரவில்லை. கப்பலில் இருந்த 44 பேரும் மாண்டார்கள். அவர்களில் இருவர் மாலுமிகளின் மனைவியர்.

நான்கே வயதான கப்பல் எப்படி மூழ்கியது? குடும்பத்தினர் சங்கம் அமைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1986-ல் அதன் சகோதரிக் கப்பல் 'கௌலூன் பிரிட்ஜ்' அயர்லாந்துக் கரையில் உடைந்த பிறகே முறையான விசாரணை நடந்தது. 1989-ல் வந்த முடிவு, இயற்கையின் சீற்றமே காரணம் என்றது. குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. ஏற்காதது எவ்வளவு சரி என்பதைப் பிறகு கடலின் அடித்தளமே காட்டியது.

சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு செலவை ஏற்க, 1994-ல் நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்து வந்த ஆய்வில் எடுத்த படங்கள் மட்டும் 1,35,774. ஆனால் 1998-ல் வந்த நிபுணர் அறிக்கையோ, முன்தளக் கிடங்கின் மூடியை மாலுமிகள் சரியாக இறுக்கவில்லை என்றது. செத்தவர்கள் மீதே பழி! இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான்.

2000-ல், மறு விசாரணை நடத்திய நீதிபதி கோல்மன் அந்தப் பழியைத் துடைத்தார். முன்தளத்தின் காற்றுக் குழாய்களை அலைகள் உடைத்தன. அவற்றின் வழியே மணிக்கணக்கில் தண்ணீர் புகுந்து முகப்பு தாழ்ந்தது. பின்கோடியில் இருந்த கப்பல் செலுத்தும் மேடையிலிருந்து இருட்டிலும் புயலிலும் அதைக் காண வழியில்லை. தாழ்ந்த முகப்பின் மேல் ஏறிய அலைகளின் எடை தாங்காமல் முதல் சரக்கறையின் மூடி நொறுங்கியது. அடுத்தடுத்த மூடிகளும் அப்படியே. அந்த மூடிகள் அன்றைய விதிகள் கேட்ட வலிமையோடு செய்யப்பட்டவைதான். அந்த விதிகளே போதவில்லை. மொத்தச் சரக்குக் கப்பல்களின் மூடிகளுக்கான விதிகள் பின்னர் கடுமையாக்கப்பட்டன.

தாதுவும் எண்ணெயும் மாறிமாறிச் சுமந்த இன்னொரு கப்பல், நார்வேயின் 'பெர்கே இஸ்ட்ரா', 1975 டிசம்பரில் வெடித்து மூழ்கியது. பிழைத்தவர்கள் இருவர். அவர்கள் சொன்னது அடுத்த வாரம்.