நாகூர்க் கப்பலின் ஒரு வரி

பதினெட்டாம் நூற்றாண்டில் நாகூரின் முஸ்லிம் கடல் வணிகர்களான மரைக்காயர்களின் கப்பல்கள் துணியோடு சுமத்ராவின் அச்சேவுக்கும் மலாய்க் கரையின் கெடாவுக்கும் போயின. பாக்கும் தகரமும் ஏற்றித் திரும்பின. தெற்கே சில மைல் தள்ளி, நாகப்பட்டினத்தில், 1658 முதல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உட்கார்ந்திருந்தது. கப்பல்களின் போக்குவரத்தை அதன் எழுத்தர்கள் பட்டியலிட்டார்கள்: நாள், நகுதாவின் (கப்பல் தலைவரின்) பெயர், துறைமுகம், சரக்கு. ஒரு பயணத்துக்கு ஒரு வரி.

அந்த வரியும் பிறகு பயணம் போனது. கடிதங்களோடு சேர்த்துக் கட்டப்பட்டு, படேவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக நெதர்லாந்து சேர்ந்தது. 1781இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1799 முடிவில் கம்பெனியே இல்லாமல் போனது. ஏடுகள் மிஞ்சின. இன்று ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில், 1.04.02 என்ற எண்ணின் கீழ், ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்கு அவை அடுக்கப்பட்டிருக்கின்றன.

அவ்வளவு பெரிய குவியலுக்கு வழிகாட்டிப் பட்டியல் வேண்டும். அதைக் கணினிக்குப் புரியும்படி எக்ஸ்எம்எல்லில் எழுதும் முறைக்கு ஈஏடி என்று பெயர். 1993இல் பெர்க்லியில் தொடங்கிய வேலை, 1998இல் முதல் பதிப்பானது. அதில் 'டிரோ' என்றொரு குறி இருந்தது. தலைப்பு, ஆண்டு, பெட்டி எண் எல்லாவற்றையும் திரையில் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் அதன் வேலை. எது ஆண்டு, எது தலைப்பு என்று அது சொல்லாது. 2002 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். தலைப்புக்கு 'யூனிட்டைட்டில்', ஆண்டுக்கு 'யூனிட்டேட்' என்று பொருளைச் சொல்லும் குறிகள் போதும். வரிசை கட்டுவதைத் திரையில் காட்டும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்றாகிவிட்டது.

ஆனால் வழிகாட்டிப் பட்டியல் தொகுதியோடு நின்றுவிடும். சோழமண்டலக் கரை, இன்ன ஆண்டு என்பதற்குமேல் அது உள்ளே போவதில்லை. நாகூர் நகுதா அதில் தென்படமாட்டார். அண்மையில் 'குளோபலைஸ்' என்ற நெதர்லாந்து ஆய்வுத் திட்டம் இந்த ஏடுகளில் சுமார் 50 லட்சம் பக்கங்களின் கையெழுத்தை எந்திரத்தால் வாசிக்க வைத்திருக்கிறது. அங்கேயும் தொடர்ந்து எழுதிய பத்தியை விடப் பட்டியலை வாசிப்பதுதான் பெரும்பாடு. ஒரு கப்பலின் சரக்கு அடுத்த கப்பலின் வரியில் ஏறிவிட்டால் வரலாறே மாறிவிடும்.

இந்தப் பாடம் வீட்டு ஏடுகளுக்கும் பொருந்தும். நாகூரிலும் பக்கத்து ஊர்களிலும் வீட்டுப் பரணில் பழைய கணக்கேடு வைத்திருப்பவர்கள் அதை எக்செலில் ஏற்றும்போது, ஒரு கட்டத்தில் ஒரு விவரம் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தலைப்புக் கொடுங்கள். அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.