காற்றை முந்திய கலம்

மாணவர்களே, காற்றினால் உந்தப்படும் ஒரு கலம் அந்தக் காற்றையே முந்திச் செல்லக்கூடுமா? கூடாது என்றே எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் உறைந்த நீர்ப்பரப்பின்மீது பாய் விரித்தோர், கூடும் என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மெய்ப்பித்துவிட்டனர்.

குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்துபோகும் ஹாலந்து நாட்டில், 17ஆம் நூற்றாண்டிலேயே படகுகளின் அடியில் சறுக்குத் தகடுகளைப் பொருத்தி ஓட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹட்சன் நதியில் இத்தகைய பனிக்கலங்கள் பெருகின. அவை கரையோரம் ஓடும் ரயில் வண்டிகளோடு போட்டியிட்டு வென்றன. 1938ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து வின்னிபேகோ ஏரியில், ஜான் பக்ஸ்டாஃப் என்பவர் மணிக்கு 143 மைல், அதாவது 230 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார் எனச் சாதனை நூல்கள் கூறுகின்றன.

இது எவ்வாறு இயலும்? காற்று அசையாத நாளில் சைக்கிளில் விரைந்து பாருங்கள். முகத்தில் காற்று வீசும். அது உங்கள் வேகமே உண்டாக்கிய காற்று. பக்கவாட்டில் வீசும் காற்றில் கலம் புறப்படும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. எஃகுத் தகடுகள் பனியைக் கவ்விக்கொள்வதால் கலம் பக்கவாட்டில் நழுவாது, முன்னோக்கியே செல்லும். செல்லச் செல்ல, இயற்கைக் காற்றோடு அதன் சொந்தக் காற்றும் கூடி, பாயின்மேல் வீசும் காற்று வலுக்கிறது. வேகம் வேகத்தை வளர்க்கிறது. பனியில் உராய்வு மிகக் குறைவாதலால், வேறெங்கும் காணாத அளவுக்கு அவ்வேகம் வளர்கிறது.

ஆயினும் அபாயமும் உடன் வளர்ந்தது. பழைய கலங்களில் திசை திருப்பும் தகடு பின்புறத்தில் இருந்தது. பலத்த காற்றில் பின்புறம் மேலெழும்ப, கலம் பம்பரம்போல் சுழன்று ஓட்டுநரைத் தூக்கி எறிந்துவிடும். 1930களில் அத்தகட்டை முன்புறத்துக்கு மாற்றியபின் இக்குறை பெரிதும் நீங்கியது.

பிற்காலத்தில் ரிச்சர்ட் ஜெங்கின்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், துணிப்பாயை விடுத்து விமான இறக்கையை ஒத்த விறைப்பான பாயை நிறுத்தினார். பின்னால் நீண்ட சிறு வால் ஒன்று அதனைக் காற்றுக்கேற்பத் திருப்பியது. பனிக்குச் சறுக்குத் தகடுகள் கொண்ட கலம் ஒன்றும், வறண்ட ஏரிக்குச் சக்கரங்கள் கொண்ட கலம் ஒன்றும் செய்தார். வழவழப்பான பனியும் தக்க காற்றும் ஒரே நாளில் அமைவது அரிது. 1999இல் தொடங்கிய முயற்சி, 2009ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் வறண்ட ஏரியில்தான் கைகூடியது: மணிக்கு 202.9 கிலோமீட்டர், அந்நாளில் அதுவே தரைச் சாதனை.

அந்த இறக்கை அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. அதே முறையில் அவர் அமைத்த ஆளில்லாக் கலங்கள் கடலை ஆராயப் புறப்பட்டன. அவற்றுள் ஒன்று 2021இல் 'சாம்' என்னும் சூறாவளிக்குள் நுழைந்து, மனிதர் செல்லவியலாத இடத்திலிருந்து காற்றையும் அலையையும் அளந்து அனுப்பியது.

மாணவர்களே, இக்கலங்களைச் செய்தோர் காற்றை மிகுதியாக்கவில்லை. அது அவர்கள் கையில் இல்லை. தடையைக் குறைத்தார்கள், தக்க நாளுக்குக் காத்திருந்தார்கள். பொறியியலின் பெரும்பகுதி இவ்விரண்டினுள் அடங்கும்.