ஊவாவின் மாரியும் உழைப்பாளியின் இரும்பும்

ஊவாவின் மழை மேற்குச் சரிவின் மழையன்று. தென்மேல் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மலையின் மறுபுறத்தே பெய்துவிட்டு, வரண்ட கச்சானாகவே இப்பக்கம் இறங்குகின்றது. ஐப்பசியில் வடகீழ்க் காற்றுத் தொடங்கினாலோ, நமுனுகுலை மலை நாட்கணக்கில் முகிலுக்குள் மறைந்துவிடும். அக்காலத்தில் இரும்பைக் காத்தல் பெரும்பாடு. அப்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதே நாம் இங்கு கூறவந்தது.

நீரும் ஒட்சிசனும் கூடி இரும்பை உண்பதே துரு. மழை நேரே விழவேண்டுமென்பதில்லை. காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைக் கடந்தாலே அரிப்பு விரைவுபடும். இரவிற் குளிர்ந்த இரும்பின்மேல் காலைப் பனியும் நீராய்ப் படியும். டில்லி இரும்புத் தூணைக் காட்டிப் பெருமை பேசுவோர் நம்முள் பலர். அதன் இரும்பிலுள்ள பொசுபரசினால் உண்டான மெல்லிய படலமும், டில்லியின் வரண்ட காற்றும் அதனைக் காத்தன என்பர் ஆராய்ந்தோர். அத்தூண் பதுளையில் நின்றிருந்தால் என்னவாகியிருக்குமோ!

1817–1818 ஊவா–வெல்லசக் கிளர்ச்சியில் ஒலித்தவை பெரும்பாலும் தீக்கல்லின் பொறியால் வெடிக்கும் துப்பாக்கிகள். மருந்து நனைந்தால் அவை வெறுந்தடிகள். வெடித்த பின்பும் தொல்லை தீராது. கரிமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓரிரவு கழுவாது விட்டாற் குழலுட் செந்துரு படரும். ஆகவே வெந்நீரிற் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசவேண்டும். பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். அவர் காலத்துத் துப்பாக்கிக்கும் இதே பராமரிப்புத்தான். 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட அவருக்குப் பதுளைப் பரிசுத்த மாற்குத் தேவாலயத்தில் நினைவுக்கல் உண்டு.

காடழித்த கோடரிக்கும், கோப்பி நட்ட அலவாங்குக்கும், பின்னர் தேயிலை மலையேறிய கவ்வாத்துக் கத்திக்கும் எந்தக் கல்லும் இல்லை. எமக்கோ துப்பாக்கியினும் அக்கத்தியே பெரிது. துருவேறி மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும். பிளந்த வாயில் நீர் தங்கிச் செடி உளுத்துப்போகும். கணக்குப்படி செடி வெட்ட வேண்டியவன் கைக்கும் அது வேதனை.

கவ்வாத்துக் கத்தி கறுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அஃது அழுக்கன்று. தேயிலைச் சாற்றிலுள்ள தனின் இரும்போடு சேர்ந்து கருநீலப் படிவாகின்றது. பழைய எழுத்து மையும் இவ்வகைச் சேர்க்கையே. அது முழுக்காப்பு ஆகாது. எனினும் துருவைச் சற்றுத் தடுக்கும். பழம்பொருள் காப்போர் துருப்பிடித்த இரும்புக்குத் தனிக் அமிலம் பூசுவதும் இதனாலேயே. லயத்துக் காம்பராவில் அடுப்பின் மேலே, வெம்மையும் புகையும் படும் இடத்திற் கத்தியைச் செருகினாலும் ஈரம் அண்டாது. இரசாயனம் படியாதவர் கண்ட உபாயங்கள் இவை!

இன்று விறகடுப்பு மறைந்த வீடுகளில் பாட்டனார் கத்தி இஸ்தோப்புக் கூரையிடுக்கிற் செந்துருவாய் உதிர்கின்றது. இல்லையேல் பழைய இரும்புக்காரனிடம் போகின்றது. அதனை எடுத்து, செந்துருவை மட்டும் தேய்த்து நீக்குங்கள், கருமையைச் சுரண்டவேண்டாம். தேங்காயெண்ணெய் நாளடைவிற் காறிப்போகும். தையல் இயந்திர எண்ணெயே நன்று. சாக்கிலோ தோலுறையிலோ சுற்றிவைத்தால் அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஐப்பசி பிறக்குமுன் இவ்வேலையை முடித்துவிட வேண்டும்.